ஒரே உடலின் வலி

(யூபிலி விழா நாள்களில் நோயாளருக்கென்று ஒதுக்கிய மாலையில், திருப்பலிக்குப் பின் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றாலே மகிழ்ச்சி. கோயிலுக்கு வெள்ளையடித்தோம். கொடியேற்றினோம். கிளியூர்ச் சாலை நெடுகத் தோரணம் கட்டினோம். சப்பரத்துக்குப் பூவும் சொல்லியாயிற்று. இத்தனை நாளும் முன்வரிசை நாற்காலிகளில் விழாக் குழுவினரும் விருந்தினரும் அமர்ந்தார்கள். இன்று மாலை அந்த நாற்காலிகளில் நம் நோயாளர்கள் அமர்ந்திருக்கிறார்கள். தடியூன்றி வந்தவர்கள் உண்டு. மகன் தோளில் சாய்ந்து வந்தவர்கள் உண்டு. மேட்டுப் பாதையில் நாற்காலியோடு தூக்கி வரப்பட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு நம் முதல் வணக்கம்.

பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் யூபிலி ஆண்டைப் பற்றிப் பேசுகிறது. ஐம்பதாம் ஆண்டு வந்ததும் எக்காளம் ஊதுவார்கள். அடிமை வீடு திரும்புவான். விற்றுப்போன நிலம் உரியவனிடம் திரும்பும். வருந்துகிறவன் பாரம் இறங்கவேண்டும் என்பதே அந்த ஆண்டின் நோக்கம். ஆகவே நோயாளருக்கான இந்த மாலையை விழாவின் ஓர் அங்கம் என்று மட்டும் எண்ணவேண்டாம். விழாவுக்குப் பொருள் தருவதே இந்த மாலைதான்.

இன்று விசுவாசம், நம்பிக்கை, குணம் என்ற மூன்றைப் பற்றிச் சிந்திப்போம்.

முதலாவது, விசுவாசம்.

நோயாளரைச் சந்திக்கும்போதெல்லாம் நம்மிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான். "சாமி, நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணினேன்? எனக்கு ஏன் இது?" குருமடத்தில் நாங்கள் தத்துவமும் இறையியலும் பல ஆண்டுகள் பயின்றோம். தீமை ஏன் உண்டு என்பது பற்றி எழுதிய பெரிய நூல்களைப் புரட்டினோம், தேர்வும் எழுதினோம். ஆனால் காய்ச்சலில் துடிக்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய் இந்தக் கேள்வியைக் கேட்டபோது, படித்தது எதுவும் வாய்க்கு வரவில்லை. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு மௌனமாக இருந்தோம். அன்று நாம் அறிந்த இறையியல் அந்த மௌனமே.

ஆனால் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். நோய் பாவத்தின் கூலி என்று எவராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவனா, இவன் பெற்றோரா என்று ஆண்டவரிடம் கேட்டார்கள். இவனும் அல்ல, இவன் பெற்றோரும் அல்ல என்றே அவர் மறுத்தார். யோபுவின் நண்பர்களும் அவனைக் குற்றவாளியாக்கிப் பார்த்தார்கள். இறுதியில் கடவுளின் கண்டனம் அந்த நண்பர்கள்மேல்தான் விழுந்தது.

இன்னொரு துன்பமும் உண்டு. "வேளாங்கண்ணிக்கு நடந்தே போனோம், மொட்டையடித்தோம், நோய் போகவில்லை. எங்கள் விசுவாசம் குறைவா, சாமி?" என்று சிலர் கேட்கிறார்கள். ஆரோக்கிய அன்னையிடம் போவது நல்லது. நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமான சிறுவன் எழுந்து நடந்தான் என்ற மரபைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் லூர்து நகரைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 1858-இல் அன்னை அங்கே காட்சி தந்தாள். அன்று முதல் கோடிக்கணக்கானோர் அங்கே போய் வந்திருக்கிறார்கள். அங்கே பெற்ற குணங்களுள் புதுமை என்று திருச்சபை ஏற்றவை எழுபதைச் சற்றே தாண்டும். மற்ற அத்தனை பேரும் விசுவாசம் அற்றவர்களா? அந்த ஊற்றை மண்ணைக் கிளறித் திறந்த பெர்னதெத்தம்மாளே ஆஸ்துமாவாலும் காசநோயாலும் வருந்தி, 1879-இல் தம் 35-ஆம் வயதில் இறந்தார். அவரைத் திருச்சபை புனிதையாகப் போற்றுகிறது.

2004-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆழிப்பேரலை வேளாங்கண்ணிக் கடற்கரையில் புகுந்தது. ஆரோக்கியம் வேண்டி வந்த பயணிகள் பலர் அங்கேயே மாண்டார்கள். "மாதா ஏன் காக்கவில்லை?" என்று அந்நாள்களில் கேட்காத வீடு இல்லை. இதற்கு எளிதான பதில் சொல்லுகிறவர்களைக் கண்டால் நமக்கு அச்சமே. பதில் தெரியாத இடத்தில் நமக்குத் தெரிவது ஒன்றுதான். நம் ஆண்டவரும் ஒரு வியாழன் இரவில், ஒலிவ மரங்களுக்கிடையே முகங்குப்புற விழுந்து, துன்பக் கிண்ணத்தை அகற்றும்படி தந்தையிடம் மன்றாடினார். கிண்ணம் அகலவில்லை. அவரை விசுவாசம் குறைந்தவர் என்று எவன் சொல்லுவான்? துன்பம் நீங்கியதா நீங்கவில்லையா என்பதை வைத்து விசுவாசத்தை அளக்க முடியாது. துன்பத்திலும் தந்தையின் கையை விடாதிருப்பதே விசுவாசம்.

இரண்டாவது, நம்பிக்கை.

நாம் காப்பித் தோட்டத்தார். நம்பிக்கை என்னவென்று நமக்குப் புத்தகம் பார்த்துத் தெரியவேண்டியதில்லை. இன்று நாற்று நட்டால் நாளை பழம் கிடைக்காது. மூன்று நான்கு ஆண்டுகள் நிழல் பார்த்து, களை பிடுங்கிக் காத்திருக்கவேண்டும். நட்டவனே பறிப்பான் என்பதும் நிச்சயமில்லை. ஆயினும் நடுகிறோம்.

இப்படி நட்ட ஓர் அம்மையாரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். சேலத்துக்குத் தெற்கே, நம் சேர்வராயன் மலையின் பக்கத்து மலைகளுள் ஒன்று கொல்லிமலை. வல்வில் ஓரியின் மலை. நமக்குக் கிளியூர் அருவி எப்படியோ, அவர்களுக்கு ஆகாய கங்கை அப்படி. அங்கே 1913-ஆம் ஆண்டு வாக்கில் ஜெசி பிராண்ட் என்பவரும் அவர் மனைவி ஈவ்லின் அம்மையாரும் குடியேறினார்கள். இங்கிலாந்து நாட்டவர்கள். நம் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர், பிரிந்த சகோதரர்கள். ஆனால் நற்செயல் எங்கே கண்டாலும் அதில் ஆவியானவரின் கையைக் காணும்படி இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்திருக்கிறது.

அந்த மலையில் அப்போது பாதை இல்லை, மருத்துவர் இல்லை. மலேரியா இருந்தது. ஜெசி பிராண்ட் முழு மருத்துவர் அல்லர். சிறிது மருத்துவப் பயிற்சி பெற்றிருந்தார். பல்லைப் பிடுங்கினார், புண்ணுக்குக் கட்டுப்போட்டார், பள்ளி நடத்தினார். முதலில் மக்கள் அவர்களை அண்டவில்லை. கோயில் பூசாரி அவர்களைக் கடுமையாக எதிர்த்தார். பின்னர் 1918-ஐ ஒட்டி உலகெங்கும் பரவிய விஷக் காய்ச்சல் அந்த மலைக்கும் வந்தது. அந்தப் பூசாரியும் படுத்தார். பயத்தில் எவரும் அவர் வீட்டை அண்டாதபோது இவர்கள் இருவரும் போனார்கள். சாகும் தறுவாயில் அவர் தம் பெண் குழந்தையை அவர்கள் கையில் ஒப்படைத்தார். எதிர்த்தவர் தம் குழந்தையையே நம்பி ஒப்படைத்தார் என்றால், நோயாளியின் வாசற்படியை மிதித்த அந்தக் கால்களே அதற்குக் காரணம்.

1929-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜெசி பிராண்ட் மலேரியாவின் கொடுமையால் இறந்தார். வயது 44. பிள்ளைகள் இருவரும் படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்தார்கள். தந்தை இறந்த செய்தி தந்தியில் வந்தபின், அவர் முன்னரே எழுதிய கடிதம் கப்பலில் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது என்று மகன் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஈவ்லின் அம்மையார் என்ன செய்தார்? தாய்நாட்டுக்குப் போய்ச் சில காலம் துக்கத்தோடு இருந்தார். பின்பு திரும்பி வந்தார். வயதாயிற்று, ஓய்வு கொள்ளுங்கள் என்று அவரை அனுப்பிய சங்கத்தார் சொன்னபோது, எழுபதை நெருங்கிய வயதில், தம் பொறுப்பிலேயே மீண்டும் மலையேறினார். இடுப்பு ஒடிந்தது. இரு கையிலும் மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். நடக்க முடியாத இடத்துக்கு மட்டக்குதிரையில் போனார். கொல்லிமலையோடு நில்லாமல் சுற்றியிருந்த மலைகளுக்கும் போனார். 1974-இல் தம் 95-ஆம் வயதில் இறந்தபோது, கணவரின் கல்லறைக்கு அருகிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

அந்த மலைகளில் நரம்புச் சிலந்தி நோய் பெருந்தொல்லையாக இருந்தது. கிணற்றிலும் குளத்திலும் கால் நனைய இறங்கித் தண்ணீர் எடுப்பதால் பரவும் நோய் அது. தண்ணீரை வடிகட்டிக் குடியுங்கள், கிணற்றுக்குச் சுவர் எழுப்புங்கள் என்று கணவரும் மனைவியும் ஊர் ஊராகச் சொல்லி வந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் இந்தியா அந்நோய் அற்ற நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இவர்கள் இருவரும் அதைக் காணவில்லை. அது இவர்களின் உழைப்பால் மட்டும் வந்ததும் அன்று. ஆனால் அப்பெரும் வயலில் இவர்கள் கையால் நட்ட நாற்றும் இருந்தது. நாம் காணாவிட்டாலும் கடவுள் காண்பார் என்று நடுவதே கிறிஸ்தவ நம்பிக்கை.

நோயாளிகளே, உங்களுக்கும் இதையே சொல்லுகிறோம். எழுந்து நடப்போம் என்று நம்புங்கள், அது நல்லது. ஆனால் நம் நம்பிக்கை அதோடு முடிந்துவிடுவதில்லை. படுக்கையிலிருந்தபடி நீங்கள் சொல்லும் ஒரு செபமாலை இந்தப் பங்கின் எந்த வீட்டில், எந்தப் பிள்ளையின் வாழ்வில் பழமாகும் என்று உங்களுக்குத் தெரியாது. நடுங்கள்.

மூன்றாவது, குணம்.

ஈவ்லின் அம்மையாரின் மகன் பால் பிராண்ட். 1914-ஆம் ஆண்டு ஜூலை 17-இல் கொல்லிமலையிலேயே பிறந்தவர். ஒருநாள் தொழுநோயாளர் சிலர் அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். தந்தை அவர்கள் காலுக்குக் கட்டுப்போட்டார், பிள்ளைகளை மட்டும் அருகில் விடவில்லை. அந்தக் காட்சி சிறுவன் மனத்தில் தங்கிவிட்டது. பிற்காலத்தில் அவர் அறுவை மருத்துவராகி 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். விரல் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தம் கையை நீட்டி, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். இரும்புப் பிடியாக இருந்தது. செத்த கை என்று உலகம் தள்ளிய கையில் உயிருள்ள தசை இருப்பதை அன்று அவர் கண்டார். நல்ல தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த விரலில் பொருத்தும் அறுவை முறையை அதன்பின் வளர்த்தார். மடங்கிய விரல்கள் விரிந்தன.

ஆனால் இன்னொரு கேள்வி அவரை விடவில்லை. விரல்கள் ஏன் தேய்ந்து மறைகின்றன? நோய் சதையை அழுக வைக்கிறது என்றே எல்லாரும் நம்பியிருந்தார்கள். பால் பிராண்டும் அவருடன் உழைத்தவர்களும் ஒவ்வொரு புண்ணையும் நுணுகிப் பார்த்தார்கள். ஒருவன் அடுப்பு நெருப்பில் விழுந்த கிழங்கை வெறுங்கையால் எடுத்தான், அவனுக்குச் சுடவில்லை. ஒரு சிறுவன் துருப்பிடித்த பூட்டைத் திறந்தபோது சாவி எலும்பு வரை வெட்டியது, அவனுக்குத் தெரியவில்லை. தூங்கும்போது எலி கடித்தது, விழிப்பு வரவில்லை. நோய் செய்தது நரம்பை மரக்கச் செய்ததே. வலி தெரியாததால் காயம் தெரியவில்லை. காயம் தெரியாததால் காக்கவில்லை. விரல் போயிற்று.

வலியை ஒழிக்க வழி தேடும் இவ்வுலகில், வலி ஒரு கொடை என்று சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. ஒருமுறை நெடும்பயணம் முடிந்து இங்கிலாந்தில் இறங்கிய இரவில், காலுறையைக் கழற்றியபோது தம் குதிகாலில் உணர்வு இல்லாததைக் கண்டார். ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தமக்கும் அந்நோய் வந்துவிட்டது என்றே முடிவு செய்தார். இரவெல்லாம் உறக்கமில்லை. விடிந்ததும் மறுபடி குத்தினார். சுரீர் என்று வலித்தது! களைப்பில் ஒரு நரம்பு மரத்திருந்ததுதான் காரணம். அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார். 2003-ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

அன்பர்களே, புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், நாம் எல்லாரும் கிறிஸ்துவின் ஒரே உடல் என்கிறார். ஓர் உறுப்பு வருந்தினால் மற்ற உறுப்புகளும் உடன் வருந்தும் என்கிறார். இதை எத்தனையோ முறை பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறோம். அதன் மறுபக்கத்தை நாம் அறிந்தது சென்ற காப்பிப் பழப் பருவத்தில்தான். ஓர் உறுப்பு வருந்தியும் மற்றவற்றுக்கு வலிக்கவில்லை என்றால், அந்த உடலுக்கு நோய் வந்துவிட்டது என்று பொருள்.

இனிச் சொல்லப்போவதை ஒரு குற்ற அறிக்கையாகக் கேளுங்கள். அதில் வரும் அம்மாள் இன்று முன்வரிசையில் இருக்கிறார். சொல்லுங்கள் சாமி என்று அவரே அனுமதி தந்தார். பெயரைச் சொல்லப்போவதில்லை.

அவர் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர், தனியாள். ஞாயிறுதோறும் பெண்கள் பக்கம் தூணோரம் அமர்வார். ஒரு ஞாயிறு அந்த இடம் காலியாக இருந்தது. பேத்தி வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்தோம். அடுத்த ஞாயிறும் காலி. அதன்பின் அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்தார், நாமும் மறந்தோம். அந்த வாரங்களில் நமக்கு யூபிலிக் கூட்டங்கள். எத்தனை மின்விளக்கு, மலருக்கு என்ன அட்டை, சப்பரத்துக்கு யார் பொறுப்பு என்று இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். மூன்று மாதம் ஓடிற்று.

ஓரிரவு ஒரு பையன் டார்ச் விளக்கோடு வந்தான். "சாமி, ஆயாவுக்கு முடியல. வரச் சொல்லுச்சு." மூடுபனியில் அவன் பின்னே போனோம். லைன் வீட்டின் கடைசி அறை. நாற்றம் வாசலிலேயே தெரிந்தது. அவருக்குப் பல ஆண்டாகச் சர்க்கரை நோய். கால் மரத்துப்போயிருந்தது. தோட்டத்தில் ஏதோ குத்தியிருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. புண் வளர்ந்து பாதம் கறுத்திருந்தது. "வலிக்கவே இல்லீங்க சாமி. வலிச்சிருந்தா அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன்" என்றார்.

அன்றிரவே ஜீப் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துக்குக் கொண்டுபோனோம். உயிர் பிழைத்தது. கால் போயிற்று. சில நாள் கழித்துப் பார்க்கப் போனபோது, மன்னிக்கவேண்டும் என்று கேட்டோம். அவர் சொன்னதை அப்படியே சொல்லுகிறோம். "கால் போனது போகட்டும் சாமி. அது வலிக்கல. ஞாயித்துக்கிழமை கோயில் மணி கேக்கும். இன்னிக்காச்சும் யாராச்சும் வருவாங்களான்னு பாப்பேன். அதுதான் வலிச்சுது."

அவருடைய பாதத்தில் வலி இல்லாததால் கால் போயிற்று. நமக்கு வலி இல்லாததால் நம் சகோதரி ஒருத்தியை ஏறக்குறைய இழந்தோம். இரண்டு நோயும் ஒன்றுதான். மருத்துவர் அவருடைய காலைப் பார்த்தார். நம்முடைய மரப்பை யார் பார்ப்பது?

மொலோக்காய்த் தீவின் புனித தமியான் அடிகளை நீங்கள் அறிவீர்கள். பெல்ஜிய நாட்டில் பிறந்த அவர், 1873-இல் தொழுநோயாளரை ஒதுக்கி வைத்திருந்த அந்தத் தீவுக்குப் போனார். தமக்கு நோய் வருவதற்கு வெகுகாலம் முன்பே பிரசங்கத்தில் அவர்களை 'நீங்கள்' என்று அழைக்காமல், 'தொழுநோயாளராகிய நாம்' என்றே பேசி வந்தார். 1884-இல் ஒருநாள் கொதிநீரில் கால் பட்டும் சூடு தெரியவில்லை. அப்போதே தமக்கும் நோய் வந்ததை அறிந்தார். 1889-இல் அங்கேயே இறந்தார். 2009-ஆம் ஆண்டு பதினாறாம் ஆசீர்வாதப்பர் அவரைப் புனிதராக உயர்த்தினார். அவருடைய காலுக்கு வலி தெரியாமல் போனது, ஆனால் உள்ளத்துக்குப் பிறர் வலி இறுதிவரை தெரிந்தது. நமக்கோ காலெல்லாம் நன்றாக வலிக்கிறது, உள்ளம் மரத்துப்போகிறது.

வேலூரில் விரல் விரிந்த நோயாளர்களில் சிலர் பால் பிராண்டிடம் திரும்பி வந்து வருந்தினார்கள். மடங்கிய கையைக் கண்டால் இரங்கிப் பிச்சை போட்டவர்கள் இப்போது போடுவதில்லை, தழும்பைக் கண்டு வேலையும் தருவதில்லை என்றார்கள். கை குணமாயிற்று, ஊர் குணமாகவில்லை. ஆகவேதான் அவர்கள் தங்கித் தச்சு முதலிய தொழில் கற்க ஓர் இல்லத்தையும் அமைத்தார். நோய் நீங்குவது ஒன்று, மனிதன் மீண்டும் மனிதரோடு சேர்வது மற்றொன்று. ஆண்டவர் தொழுநோயாளியைக் கையால் தொட்டே குணப்படுத்தினார். சொல்லே போதுமாயிருந்தும் தொட்டார். தொட்டபோதே அவன் பாதி குணமானான்.

1981-இல் துப்பாக்கிக் குண்டு பட்டுப் பல வாரம் மருத்துவமனையில் கிடந்தவர் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர். துன்பத்தின் கிறிஸ்தவப் பொருளைப் பற்றி 1984-இல் அவர் ஒரு திருமடல் எழுதினார். அதன் இறுதிப் பகுதியில் நல்ல சமாரியனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். துன்பத்தைக் காணும் மனிதனிடமிருந்து அன்பு பிறக்கவேண்டும் என்பதே அவர் காட்டும் வழி. பிற்பாடு லூர்து மாதா திருநாளான பிப்ரவரி 11-ஐ உலக நோயாளர் தினமாகவும் அவர் ஏற்படுத்தினார்.

நடைமுறைக்கு இரண்டு வார்த்தை.

ஒன்று, மருந்தை நிறுத்தாதீர்கள். செபித்தால் போதும், மாத்திரை வேண்டாம் என்று சொல்லுகிறவர்கள் நம் மலைக்கும் வருகிறார்கள். மருத்துவனையும் மருந்தையும் படைத்தவர் கடவுளே என்று சீராக் ஆகமம் சொல்லுகிறது. செபமாலை ஒரு கையில் இருந்தால் மாத்திரை மறு கையில் இருக்கட்டும். தொழுநோய்க்கு இன்று ஆறு மாதமோ ஓராண்டோ கூட்டு மருந்து உண்டால் போதும், அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆயினும் நம் நாட்டில் இன்னும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு அந்நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. உணர்வற்ற தேமலைக் கண்டால் மறைக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஒவ்வோர் இரவும் பாதத்தைப் பாருங்கள். பார்வை மங்கியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.

மற்றொன்று, நோயிற்பூசுதல். முன்னாளில் இதை அவஸ்தைப்பூசுதல் என்று அழைத்தோம். அதனால் குருவானவர் எண்ணெயோடு வந்தால் சாவு வந்துவிட்டது என்று அஞ்சினார்கள், இன்றும் சிலர் அஞ்சுகிறார்கள். புனித யாகப்பர் தம் நிருபத்தில் நோயுற்றவன் மூப்பர்களை அழைக்கட்டும் என்கிறாரேயன்றி, இறக்கப்போகிறவன் என்று சொல்லவில்லை. 1972-ஆம் ஆண்டு திருச்சபை இச்சடங்கைப் புதுப்பித்தபோது, இது நோயாளரின் அருட்சாதனம் என்பதைத் தெளிவாக்கிற்று. ஆகவே மூச்சு வாங்கும்வரை காத்திராதீர்கள். முதலிலேயே கூப்பிடுங்கள். நடு இரவானாலும் வருவோம். கூப்பிடாவிட்டாலும் தேடி வருவதற்கு இனி முயலுவோம்.

யூபிலியின் நினைவாக ஒவ்வொரு வீடும் நாள்தோறும் மூன்று காரியம் செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறோம். காலையில் எழுந்ததும், அன்றைய வருத்தம் அனைத்தையும் ஒரு நோயாளியின் பெயரைச் சொல்லி ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கள். மாலைச் செபமாலை முடிந்ததும், 'இன்று யாரைக் காணவில்லை?' என்று வீட்டார் ஒருவரையொருவர் கேளுங்கள். பள்ளியில், தோட்டத்தில், தண்ணீர்க் குழாயடியில், கோயிலில் வழக்கமாகக் கண்டு இன்று காணாதவர் யார்? இரவில் படுக்குமுன், அந்த ஆளைப் பற்றி ஏதாவது வலித்ததா என்று உள்ளத்தைச் சோதியுங்கள். வலித்தால் நன்றி சொல்லுங்கள், நரம்பு உயிரோடு இருக்கிறது. வலித்ததை நம்மிடமோ, மரியாயின் சேனையாரிடமோ, வின்சென்ட் தே பால் சபையாரிடமோ வந்து சொல்லுங்கள்.

பங்குப் பேரவையாரிடம் ஒரு வேண்டுகோள். விழாவின் கடைசி இரவு வாணவேடிக்கைக்கென்று ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறோம். பிள்ளைகளுக்கு அதில் ஆசை என்று அறிவோம். நமக்கும் ஆசைதான். ஆயினும் அது அரை மணி நேரத்தில் புகையாகிவிடும். அந்தத் தொகையை, நோயாளரைச் சேலத்துக்கு இறக்கிக் கொண்டுபோகும் வண்டிச் செலவுக்கான நிதியின் முதல் வித்தாக வைக்கலாகாதா? கட்டளையிடவில்லை, கேட்கிறோம். முன்வரிசையில் இருக்கும் நம் சகோதரியின் முகத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

இறுதியாக, நம் அருவியை நினைத்துக்கொள்ளுவோம். கோடையில் கிளியூருக்கு வருகிறவர்கள் வெறும் பாறையைக் கண்டு ஏமாந்து போகிறார்கள். மழை பெய்து, மேலே ஏற்காட்டு ஏரி நிரம்பி வழிந்தால்தான் இங்கே அருவி. துன்பத்தில் இருக்கிற பலருக்கு இன்று உள்ளம் கோடைப் பாறைதான், செபமும் வருவதில்லை. அவர்களிடம் தண்ணீர் எங்கே என்று கேளாதீர்கள். மேலே நிரம்பவேண்டியது நாம். திருப்பலியால், நற்கருணையால், ஒப்புரவால் நாம் நிரம்பி வழிந்தால், தாழ இருக்கும் பாறை தானே நனையும்.

ஆரோக்கியத் தாயே, சிலுவையடியில் மகனுடைய வலியை நீக்க இயலாமல், ஆனால் விட்டு விலகாமல் நின்றவளே, எங்கள் நோயாளரின் அருகில் நில்லும். நலமாய் இருப்பவர்களாகிய எங்கள் மரப்பை நீக்கும்படி உம் திருமகனிடம் மன்றாடும்.

ஆண்டவரின் ஆசீர் உங்கள் எல்லார்மேலும் இருப்பதாக. ஆமென்.